ஆபரேஷன் இல்லாமல் அண்டர்பைட்டைச் சரிசெய்வது: பெரியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வாயை மூடினால் மேல்வரிசை முன்பற்கள் கீழ்வரிசைக்கு வெளியே உட்கார்ந்து, அதை 2 மில்லிமீட்டர் அளவுக்கு மறைக்க வேண்டும். சிலருக்கு இது தலைகீழாக இருக்கும். கீழ்ப்பற்கள் வெளியே நின்று மேல்பற்களை மறைக்கும். வேலூர் பக்கம் இதைத் "தாடை எடுப்பா இருக்கு" என்பார்கள். கிளினிக்கில் அண்டர்பைட் என்றும், பதிவேட்டில் கிளாஸ் 3 என்றும் எழுதுவார்கள்.

இருபது வயதைத் தாண்டியவர் இதற்காக வந்தால், பெரும்பாலும் கல்யாணப் பேச்சு தொடங்கிய பிறகுதான் வருகிறார். "ஆறு மாசத்துல முடிஞ்சிடுமா?" என்பதுதான் முதல் கேள்வி. முடியாது. நன்றாகப் போனாலே ஒன்றரை வருடம், சிக்கலான வாய்க்கு இரண்டரை வருடம். அடுத்த கேள்வி, "தாடை உள்ள போயிடுமா டாக்டர்?" அதற்கு நேர்மையான பதில், "தாடை போகாதும்மா, பல்லுதான் போகும்." எலும்பு வளர்ந்து முடிந்தபின் கிளிப் நகர்த்துவது பற்களை மட்டுமே. எலும்பு இருக்கும் இடத்தில் இருக்க, மேல்பற்களைக் கொஞ்சம் முன்னாலும் கீழ்ப்பற்களைக் கொஞ்சம் பின்னாலும் சாய்த்து, கடியைச் சரியாக உட்கார வைக்கலாம். தாடையின் குறையைப் பல்லால் மறைக்கும் வேலை இது. எவ்வளவு தூரம் மறைக்கலாம் என்பதைக் கிளிப் ஒட்டும் முன்பே கணக்குப் பார்த்துவிட வேண்டும்.

படி 1: பல்லா, சறுக்கலா, தாடையா

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா அண்டர்பைட்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே மூன்று வகை உண்டு.

முதல் வகையில் தாடைகள் இரண்டும் சரியான அளவில் இருக்கும். மேல் முன்பற்கள் மட்டும் உள்பக்கமாகச் சாய்ந்து முளைத்திருக்கும். இரண்டாவது வகை சறுக்கல். வாயை மூடும்போது மேல், கீழ் முன்பற்களின் விளிம்புகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. அந்த நிலையில் கடைவாய்ப்பற்கள் சேராது, மெல்ல முடியாது. அதனால் தாடை தானாகவே முன்னால் சறுக்கி, கடைவாய் சேரும் இடத்தில் போய் நிற்கிறது. சிறு வயதிலிருந்தே பழகியதால் அவருக்கே இது தெரியாது. மூன்றாவது வகை எலும்பு. மேல்தாடை வளராமல் நின்றிருக்கும், அல்லது கீழ்த்தாடை நீண்டிருக்கும், அல்லது இரண்டும் சேர்ந்திருக்கும். அப்பா, தாத்தா, அத்தை என்று வரிசையாக அதே தாடை இருந்தால் இந்த வகை என்று சந்தேகிக்கலாம்.

சறுக்கல் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்காருங்கள். கழுத்தையும் தோளையும் தளர்த்துங்கள். நாக்கின் நுனியை மடித்து அண்ணத்தின் பின்பக்கம், எட்டும் வரை கொண்டுபோங்கள். அதை அங்கேயே வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் வாயை மூடுங்கள். முதலில் எந்தப் பல் எதைத் தொடுகிறது என்று கவனியுங்கள். முன்பற்களின் விளிம்புகள் நேருக்கு நேர் தொட்டு, கடைவாய்ப்பற்களுக்கு நடுவே இடைவெளி நின்றால் சறுக்கல் இருக்கிறது. இது நல்ல செய்தி. ஆபரேஷன் இல்லாமல் நன்றாகச் சரியாகிறவர்களில் பலர் இந்த வகைதான். நாக்கைப் பின்னால் வைத்தும் கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியேதான் விழுகிறது, விளிம்போடு விளிம்பு சேரவே இல்லை என்றால், எலும்பின் பங்கு கூடுதல்.

இந்தச் சோதனையை டாக்டரும் செய்வார். தாடையைக் கையால் மெதுவாகப் பின்னால் நடத்திப் பார்ப்பார். செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

படி 2: ரெக்கார்டு எடுப்பது

பல் அச்சு அல்லது வாய்க்குள் கேமரா விட்டு எடுக்கும் இன்ட்ராஓரல் ஸ்கேன், முகமும் வாயும் தெரியும் போட்டோக்கள், எல்லாப் பல்லும் தெரியும் ஓ.பி.ஜி எக்ஸ்ரே, பக்கவாட்டு மண்டையோட்டு எக்ஸ்ரேயான லேட்டரல் செஃப் ஆகிய நான்கும் வேண்டும். செஃப் எடுக்காமல், ஓ.பி.ஜி மட்டும் பார்த்துவிட்டு "அடுத்த வாரம் கிளிப் போட்டுடலாம்" என்றால் எழுந்து வந்துவிடலாம். அண்டர்பைட்டில் முடிவெடுக்க உதவும் படமே செஃப்தான்.

பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் இதில் உண்டு. சறுக்கல் உள்ளவருக்குச் செஃப் எடுக்கும்போது, வழக்கம்போலக் கடித்துக்கொண்டு நிற்கச் சொன்னால், தாடை முன்னால் சறுக்கிய நிலையில்தான் படம் விழும். அதை அளந்தால் நிலைமை உள்ளதைவிட மோசமாகத் தெரியும். கிளிப்பில் முடியவேண்டிய ஆளை ஆபரேஷனுக்கு அனுப்பும் தவறு இப்படியும் நடக்கிறது. தாடை பின்னால் தளர்ந்து, பற்கள் முதலில் தொடும் நிலையில் நிறுத்தி இன்னொரு படம் எடுக்க வேண்டும்.

பல் சீரமைப்பில் எம்.டி.எஸ் என்ற மேற்படிப்பு முடித்தவரிடம் போங்கள். சாதாரணப் பல் வரிசைக் கோணலை மற்றவர்கள் சரிசெய்துவிடலாம், ஆனால் இது அந்த வேலை இல்லை. வேலூரில் இருப்பதில் ஒரு வசதி, சி.எம்.சி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் பல் துறையில் தாடை அறுவை நிபுணரின் கருத்தையும் கேட்டுக்கொள்ளலாம். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கும் ஒரே நாளில் போய்வரலாம்.

படி 3: எண்களைப் பார்த்து முடிவெடுப்பது

செஃப் ரிப்போர்ட்டில் நிறைய எண்கள் இருக்கும். நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை நாலைந்துதான்.

ஏ.என்.பி என்பது மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் உள்ள முன்பின் வித்தியாசம். சராசரி 2 டிகிரி. அண்டர்பைட்டில் பூஜ்யத்தையோ மைனஸையோ தொடும். மைனஸ் 4-ஐத் தாண்டினால் கிளிப் மட்டும் போதுமா என்ற கேள்வி தீவிரமாகிறது. விட்ஸ் என்ற இன்னொரு அளவு மில்லிமீட்டரில் வரும். பூஜ்யத்தை ஒட்டி இருப்பது சாதாரணம். மைனஸ் 6 பக்கம் போனால் அதே எச்சரிக்கை.

அடுத்தது கீழ் முன்பல் தாடை எலும்பின்மேல் நிற்கும் கோணம். சராசரி 90 டிகிரி, நம்மவர்களுக்கு முன்பற்கள் சற்று முன்சாய்வாக இருப்பது சகஜம் என்பதால் அதைவிடக் கூடவும் இருக்கும். அண்டர்பைட்டில் இந்தக் கோணம்தான் கையிருப்பு. 95-இல் நிற்கும் பல்லைப் பின்னால் சாய்க்க இடம் இருக்கிறது. சிகிச்சை தொடங்கும் முன்பே 82-இல் நின்றால், தாடையின் குறையை மறைக்க இயற்கையே ஏற்கெனவே பல்லைச் சாய்த்துவிட்டது என்று பொருள். இனிச் சாய்க்க அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. கீழ் முன்பல்லுக்கு 80 டிகிரி வரை, மேல் முன்பல்லுக்கு மண்டையோட்டின் அடிக்கோட்டோடு 120 டிகிரி வரை என்பது பலரும் மதிக்கும் எல்லை. அதைத் தாண்டினால் வேர் எலும்பை விட்டு வெளியே எட்டிப்பார்க்கும், ஈறு இறங்கும்.

முகத்தின் உயரமும் முக்கியம். சதுரமான, குட்டை முகத்துக்கு இந்தச் சிகிச்சை ஒத்துவரும். கடைவாய்ப்பல் கொஞ்சம் உயர்ந்தாலும் தாடை கீழ்நோக்கியும் பின்நோக்கியும் திரும்பும், மோவாய் அடங்கினாற்போல் தெரியும். நீண்ட முகம், உதடு சேராத வாய், கடித்தாலும் மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி உள்ளவருக்கு அதே திருப்பம் முகத்தை இன்னும் நீளமாக்கி, முன்கடியைத் திறந்துவிடும். கீழ்ப்பல் மேல்பல்லை ஆழமாக மூடியிருப்பது பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சிகிச்சைக்கு அது சாதகம். திருத்தியபின் அதே ஆழம்தான் கடியைப் பூட்டிவைக்கும்.

பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனாக இருந்தால் இன்னொரு கேள்வி இருக்கிறது: தாடை வளர்ந்து முடிந்ததா? ஆண்களுக்குக் கீழ்த்தாடை இருபதை ஒட்டியும் கொஞ்சம் வளரும். ஆறு மாதம் முதல் ஒரு வருட இடைவெளியில் இரண்டு செஃப் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, வளர்ச்சி நின்றதை உறுதி செய்த பிறகே தொடங்க வேண்டும். அவசரப்பட்டால் நீங்கள் பல்லைப் பின்னால் இழுப்பீர்கள், தாடை முன்னால் வளரும்.

எண்கள் எல்லைக்கு வெளியே இருந்தால் ஆபரேஷன்தான் சரி. மோவாயின் நீளம், ஒரு பக்கம் கோணிய தாடை, குழிவிழுந்த கன்னம் இவைதான் மனக்குறை என்றாலும் அப்படியே. கிளிப் கடியைச் சரிசெய்யும், மோவாயைத் தொடாது. கீழ்ப்பற்கள் பின்னால் போகும்போது கீழுதடும் கூடவே போவதால், சிலருக்கு மோவாய் முன்பைவிடக் கூர்மையாகத் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டரிடம்தான் பின்னால் சண்டை வருகிறது.

இந்தப் படியில் நிதானம் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் கிளிப் போட்டால், மறைப்புக்காகச் சாய்ந்த பற்களை நிமிர்த்துவார்கள். ஆபரேஷன் இல்லாத வழியில் அதே பற்களை இன்னும் சாய்ப்பார்கள். இரண்டும் எதிரெதிர்த் திசை. பல் பிடுங்கிச் சாய்த்து முடித்தபின் "ஆபரேஷனே பண்ணிக்கலாம்" என்றால், எல்லாவற்றையும் திரும்ப எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். பிடுங்கிய பல் திரும்ப வராது.

படி 4: கிளிப்புக்கு முன் வாயைத் தயார் செய்வது

பல் சுத்தம், சொத்தை அடைப்பு, தேவையான ரூட் கெனால் எல்லாம் முதலில். கீழ் முன்பற்களின் ஈற்றை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே ஈறு மெல்லியதாக, வேரின் மேடு வெளியே தெரிகிறாற்போல் இருந்தால் ஈறு மருத்துவரின் கருத்து வேண்டும். சில சமயம் ஈறு ஒட்டு வைத்த பிறகே நகர்த்துவார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் ஈற்றையும் கெடுக்கும், பின்னால் பல்லை இழுக்க எலும்பில் குட்டி ஸ்க்ரூ வைத்தால் அதையும் ஆட்டிவிடும்.

பல்லில் கறை இருப்பவர்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அங்கே வளர்ந்து இங்கே வேலைக்கு வந்தவர்களும், திருப்பத்தூர் எல்லையோர ஊர்க்காரர்களும் மஞ்சள், பழுப்புக் கோடு விழுந்த பல்லோடு வருவது வழக்கம். பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் துண்டு) ஒட்டும் முன் தடவும் ஆசிடுக்கு இந்த எனாமல் மசியாது. சாதாரணப் பல்லுக்கு 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிடை 30 வினாடி வைத்தால் போதும். கறைப்பல்லுக்கு மேற்பரப்பை லேசாகத் தேய்த்து, ஆசிடை ஒரு நிமிடமோ அதற்கு மேலோ வைத்து ஒட்டினால்தான் பிராக்கெட் நிற்கும். மாதம் இரண்டு பிராக்கெட் கழன்றுவிழுகிறது என்றால், நீங்கள் தின்ற முறுக்கை மட்டும் குறை சொல்ல முடியாது.

படி 5: கடியைத் திறப்பது

மேல்பல் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் பூட்டிக்கிடக்கிறது. பூட்டைத் திறக்காமல் மேல்பல்லை முன்னால் தள்ளினால், ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் கீழ்ப்பல் அதை உள்ளே இடிக்கும். பல் ஆடும், வலிக்கும், பிராக்கெட் உடையும். அதனால் கடைவாய்ப்பற்களின்மேல் நீலநிற சிமென்ட் திண்டு வைத்துக் கடியை உயர்த்துவார்கள். முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் தாண்டிப்போக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு உயரம் போதும், முன்னால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தால் சரி. கூடுதலாக உயர்த்தினால் தாடைமூட்டு வலிக்கும்.

முதல் வாரம் சாப்பாடு பெரும் பாடு. இரண்டு திண்டுகளில் மட்டுமே கடி படும், மென்றது மெல்லாதது தெரியாது. கேழ்வரகுக் களியும் கீரைக்குழம்பும் இந்த வாரத்துக்கென்றே படைத்த மாதிரி. இட்லி, குழைந்த சாதம், நன்றாக வெந்த முள்ளுக் கத்தரிக்காய் எல்லாம் சரி. ஆம்பூர் பிரியாணியும் சாப்பிடலாம், கறியை எலும்பிலிருந்து கையால் பிரித்து. எலும்பைக் கடித்து உறிஞ்சுவது, கரும்பு, காய்ப்பதமான கொய்யா, வறுத்த வேர்க்கடலை எல்லாம் கிளிப் கழற்றும் வரை வேண்டாம்.

ஒரு பக்கத் திண்டு மட்டும் உடைந்தால் பொறுத்திருக்காதீர்கள். முழுப் பாரமும் மறுபக்கத்தில் விழுந்து தாடை கோணும். ஓரிரு நாளில் போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள். மேல்பல் முன்னால் வந்து கீழ்ப்பல்லைக் கொஞ்சமாவது மூடிய பிறகு திண்டைப் படிப்படியாகக் குறைத்து எடுப்பார்கள்.

படி 6: கம்பி வரிசை

பிராக்கெட்டின் பள்ளம் 0.022 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், கம்பி வழக்கமாக 0.014 நைட்டி (நிக்கல்-டைட்டானியம்), 0.016 நைட்டி, பிறகு செவ்வகமான 0.017க்கு 0.025 நைட்டி, கடைசியில் 0.019க்கு 0.025 ஸ்டீல் என்று ஏறும். ஒவ்வொன்றும் நாலு முதல் ஆறு வாரம். மேல்வரிசையில் நெரிசல் இருந்தால், கம்பி நேராகும்போது பற்கள் தானாகவே முன்னால் விரியும். மற்ற வாய்களில் இது தொல்லை, இங்கே அதுதான் வேண்டும். நெரிசல் இல்லாவிட்டால் கடைவாய்ப்பல்லில் ஒட்டிய குழலுக்கு முன்னால் கம்பியில் ஒரு தடை வைத்தோ, ஸ்பிரிங் வைத்தோ கம்பி வளைவை நீட்டி முன்பல்லைத் தள்ளுவார்கள். சறுக்கல் வகையாக இருந்தால் இரண்டு மூன்று மாதத்திலேயே மேல்பல் வெளியே தாண்டிவிடும். அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், பாதிகூட முடியவில்லை.

கீழ்வரிசையில் அனுபவஸ்தர்கள் செய்யும் ஒரு காரியம், முன்பல் பிராக்கெட்டுகளைத் தலைகீழாக ஒட்டுவது. பரவலாகப் பயன்படும் ஒரு வகைப் பிராக்கெட்டுக்குள் இருக்கும் மைனஸ் 6 டிகிரிச் சாய்வு அப்போது ப்ளஸ் 6 ஆகிறது. இழுக்கும்போது பல் மட்டும் உள்ளே சாயாமல் வேரும் கூடவே வரும். கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தப்பாக ஒட்டிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

கலர் ரப்பர் வளையம் கேட்டால் கிரே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை, டிரான்ஸ்பரன்ட் எல்லாம் ஒரு சாம்பாரில் மஞ்சளாகிவிடும்.

படி 7: கீழ்ப்பல் பின்னால் போக இடம்

குறைந்த இடம் போதுமென்றால், கீழ் முன்பற்களின் இடுக்குகளை மெல்லிய பட்டையால் தேய்ப்பார்கள். ஒவ்வொரு பல்லின் ஒரு பக்கத்துக்கு கால் மில்லிமீட்டர் வீதம் மொத்தம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கிடைக்கும். கொஞ்சம் கூடுதலாக வேண்டுமானால் ஒரு கீழ் முன்பல்லை எடுக்கலாம், ஐந்து மில்லிமீட்டரை ஒட்டி இடம் வரும். ஆனால் நடுக்கோடு பொருந்தாது, ஈற்றருகே கறுப்பு முக்கோண இடுக்கு தங்கலாம்.

அதற்கும் மேல் வேண்டுமென்றால், இரண்டு கீழ் முன்கடைவாய்ப்பற்களை எடுப்பது ஒரு வழி, ஸ்க்ரூ வைத்துக் கீழ்வரிசை முழுவதையும் பின்னால் இழுப்பது இன்னொரு வழி. இந்த இரண்டிலும் ஞானப்பல்லின் கதி நேரெதிர். மொத்த வரிசையையும் பின்னால் இழுக்கப் போகிறீர்கள் என்றால் கீழ் ஞானப்பல் வழியில் நிற்கும், முதலில் எடுத்துவிட வேண்டும். முன்கடைவாய்ப்பல்லை எடுத்தால் பின்னாலுள்ள பற்கள் கொஞ்சம் முன்னால் வரும். அப்போது மேலே கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குக் கீழே ஜோடி இல்லாமல் போகலாம், கீழ் ஞானப்பல்தான் அந்த ஜோடியாக உதவும். திட்டம் எழுதும் முன் "ஞானப்பல்லை எப்படியும் எடுத்துடுவோம்" என்று பிடுங்குவது அதனால்தான் தப்பு.

படி 8: ரப்பர்

ஆபரேஷன் இல்லாத சிகிச்சையில் நோயாளியின் கையில் இருக்கும் பங்கு இதுதான். மேல் முதல் கடைவாய்ப்பல்லின் கொக்கியிலிருந்து கீழ்க் கோரைப்பல் கொக்கிக்குச் சாய்வாக ஒரு ரப்பர், இரண்டு பக்கமும். மேல்வரிசையை முன்னாலும் கீழ்வரிசையைப் பின்னாலும் இழுக்கும். வழக்கமாகக் கால் அங்குலம், 3.5 அவுன்ஸ் ரப்பரில் தொடங்குவார்கள், அது சுமார் 100 கிராம் இழுவை. கீழே செவ்வக ஸ்டீல் கம்பி வந்தபின் 3/16 அங்குலம், 4.5 அவுன்ஸுக்கு மாற்றலாம். பாக்கெட்டில் விலங்குப் படமோ பழப் படமோ போட்டிருக்கும், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அளவையும் அவுன்ஸையும் போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் விதம்: கண்ணாடி முன் நின்று, கன்னத்தை ஒரு விரலால் விலக்குங்கள். எட்டாத பின்கொக்கியில் முதலில் மாட்டுங்கள். ஆள்காட்டி விரல் நகத்தால் ரப்பரைத் தாங்கிக்கொண்டே முன்னால் இழுத்து, வாயைப் பாதி மூடி, கீழ்க் கோரைப்பல் கொக்கியில் விடுங்கள். வாயை அகலத் திறந்து மாட்ட முயன்றால் ரப்பர் தெறித்துத் தொண்டைக்குப் போகலாம். மூன்றாம் நாள் கண்ணாடியே தேவைப்படாது.

ஒரு நாளைக்கு 22 மணி நேரம். சாப்பிடவும் பல் தேய்க்கவும் மட்டும் கழற்றலாம். காலை ஒன்று, இரவு ஒன்று புதிதாக மாட்டுங்கள், இழுபட்ட ரப்பர் சில மணி நேரத்திலேயே வலு இழக்கும். நேற்று மறந்ததற்கு இன்று இரண்டு ரப்பர் போடாதீர்கள். பல் வேகமாக நகராது, வேர் தேயும், மூட்டு வலிக்கும். ஒரு பக்கம் மட்டும் மறந்தால் நடுக்கோடு அந்தப் பக்கத்துக்கு ஏற்ப நகர்ந்துவிடும். நான்கு நாள் போட்டு மூன்று நாள் விட்டால் பல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும், ஆறு மாதம் கழித்தும் தொடங்கிய இடத்திலேயே நிற்பீர்கள்.

ரப்பருக்கும் பக்கவிளைவு உண்டு. மேல் கடைவாய்ப்பல்லை அது கீழே இழுக்கும். குட்டை முகத்துக்கு நல்லது, நீண்ட முகத்துக்கு ஆகாது. அவருக்கு ரப்பரை நம்பாமல் ஸ்க்ரூவுக்குப் போவதே மேல்.

படி 9: ஸ்க்ரூ

கீழ் முதல், இரண்டாம் கடைவாய்ப்பற்களின் வெளிப்பக்கம், கன்னத்தை ஒட்டி ஓர் எலும்புத் திட்டு இருக்கிறது. அங்கே 2 மில்லிமீட்டர் கனம், 10 முதல் 14 மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்டீல் ஸ்க்ரூவை, அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து இறக்குவார்கள். வெட்டு, தையல் இல்லை. வலி இருக்காது, அழுத்தம் தெரியும். தலைப்பகுதி ஈற்றுக்கு மேலே நன்றாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஈறு மூடிவிடும். அதிலிருந்து பவர் செயின் என்ற ரப்பர் சங்கிலியோ ஸ்பிரிங்கோ கட்டி, பக்கத்துக்கு 200 முதல் 300 கிராம் விசையில் கீழ்வரிசையை ஒரே மூச்சாகப் பின்னால் இழுப்பார்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் நகர எட்டு முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். மேல் கடைவாய் இறங்காது, நீங்கள் ரப்பர் மறந்தாலும் வேலை நடக்கும்.

ஸ்க்ரூ ஆடினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்தில்தான் ஆடும். சாப்பாட்டுத் துணுக்கு தங்கி ஈறு வீங்குவதே பெரும் காரணம். மென்மையான பிரஷ்ஷை ஸ்க்ரூவைச் சுற்றி ஓட்டுங்கள். முதல் இரண்டு வாரம் டாக்டர் சொல்லும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு, பிறகு வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர். நாக்கால் நோண்டாதீர்கள். ஆடினால் எடுத்துவிட்டு, சற்றுத் தள்ளி இன்னொன்று வைப்பார்கள். அதற்குத் தனிக் காசா, பேசிய தொகைக்குள் அடங்குமா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். கிளிப் கழற்றியபின் பல்லைப் பிடித்துவைக்கும் ரிடெய்னருக்கும் அப்படியே.

அலைனர் பற்றி

வெளியே தெரியாத பிளாஸ்டிக் உறையில் சரிசெய்ய முடியுமா என்று கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். பல் சாய்வும் லேசான சறுக்கலும் மட்டும் உள்ளவருக்கு முடியும். உறையின் கனமே கடைவாயில் திண்டு மாதிரி வேலை செய்து கடியைத் திறக்கும். ஆனால் அங்கேயும் 22 மணி நேரம், அங்கேயும் ரப்பர். பல் பிடுங்கி நிறைய தூரம் இழுக்கும் வாய்க்குக் கம்பியே நம்பகம். டாக்டர் வாயைப் பார்க்காமல் தபாலில் வரும் உறையை அண்டர்பைட்டுக்குப் போட்டுக்கொள்ளாதீர்கள். சறுக்கல் சோதனையைத் தபாலில் செய்ய முடியாது.

படி 10: கழற்றும் முன்

மேல் முன்பல் கீழ்ப்பல்லைவிட 1 முதல் 2 மில்லிமீட்டர் முன்னால் நின்று, அதை 2 மில்லிமீட்டர் மூடியிருக்க வேண்டும். கோரைப்பல்லும் கடைவாயும் பல்லும் பள்ளமுமாகப் பொருந்த வேண்டும். பிறகு முதல் படியில் செய்த அதே நாக்குச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தளர்ந்த தாடையில் மூடும்போதும் அதே கடிதான் விழ வேண்டும். ரப்பருக்குப் பழகிய தாடை, டாக்டர் கடிக்கச் சொன்னால் ஓரிடத்திலும் தூக்கத்தில் வேறிடத்திலும் கடிக்கும். அதை நம்பிக் கழற்றினால் மூன்று மாதத்தில் பழைய கடி.

கடி சரியான அன்றே கழற்றச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம். மூன்று நான்கு மாதம் கம்பியை அப்படியே வைத்து, ரப்பரை முழுநாளிலிருந்து இரவு மட்டும், பிறகு ஒன்றுவிட்ட இரவு என்று குறைத்து, கடி நிற்கிறதா என்று பார்த்த பிறகே கழற்ற வேண்டும். முகூர்த்தத் தேதி அதற்குள் வந்துவிட்டால், முன்பக்கப் பிராக்கெட்டுகளை மட்டும் நாலு நாளைக்கு எடுத்துத் திரும்ப ஒட்டித்தரும் டாக்டர்கள் உண்டு. ஒட்டியதும் வேலை தொடர வேண்டும்.

படி 11: ரிடெய்னர்

கீழே கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை உள்பக்கமாக மெல்லிய கம்பி நிரந்தரமாக ஒட்டப்படும். மேலே கழற்றி மாட்டும் ரிடெய்னர், முதல் ஆறு மாதம் சாப்பாட்டு நேரம் தவிர முழு நாள், பிறகு இரவில். எவ்வளவு காலம் என்றால், பல் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கும் காலம் வரை. நாக்கு எப்போதும் கீழே கிடந்து கீழ்ப்பல்லைத் தள்ளும் பழக்கமோ, வாயால் மூச்சுவிடும் பழக்கமோ இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். மூக்கடைப்பு இருந்தால் காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

டிரான்ஸ்பரன்ட் ரிடெய்னருக்கு எமன் வேலூர் வெயில். சித்திரையில் வண்டி டேங்க் கவரிலோ, வெயிலில் நிற்கும் கார் டாஷ்போர்டிலோ டப்பாவோடு வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது நெளிந்திருக்கும். வெந்நீரில் கழுவினாலும் அதே கதி. ஓட்டலில் டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைத்து, இலையோடு எறிந்துவிட்டவர்கள் ஏராளம். நெளிந்ததை அழுத்தி மாட்டாதீர்கள், தவறான இடத்துக்குப் பல்லைத் தள்ளும். மறுநாளே அளவு கொடுத்துப் புதிது வாங்குங்கள். ஒட்டிய கீழ்க்கம்பி ஒரு பல்லில் மட்டும் விட்டுப்போனால் தெரியாது. மாதம் ஒருமுறை, பிரஷ் செய்யும்போது ஒவ்வொரு பல்லுக்குப் பின்னாலும் நாக்கை ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது கூராகக் குத்தினாலோ, ஒரு பல் மட்டும் தனியாக அசைந்தாலோ அந்த வாரமே போய் ஒட்டிக்கொண்டு வாருங்கள்.